ஆட்டுமணிச் செடியின் விலாசம்

ஒட்டங்குறிச்சிக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்பவர்கள் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். அது அநியாயம். அவர்கள் சொன்னதைச் செய்பவர்கள், அவ்வளவுதான். கூடவும் செய்ய மாட்டார்கள், குறைத்தும் செய்ய மாட்டார்கள். "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று பஸ் கண்டக்டர் கத்தினால், உள்ளே போய்க்கொண்டே இருந்து முன்வாசல் வழியாக வெளியே வந்துவிடுவார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊருக்குத்தான் பூபாலன் மெல்போர்னிலிருந்து திரும்பி வந்தான். வயது ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு மொழியில் படித்தவன். எதையும் முதலில் இங்கிலீஷில் யோசிப்பான், பிறகு தமிழில் யோசிப்பான், அதற்குள் பால் பொங்கி வழிந்திருக்கும். மற்றவர்கள் ஒரு மொழியில் செய்யும் தவறை இவன் இரண்டு மொழியில் செய்ததால் ஊரில் இவனுக்குத் தனி மரியாதை.

ஊருக்கு மேற்கே ஒரு செம்மண் மேடு இருந்தது. மலை என்று சொன்னால் மலைகள் கோபித்துக்கொள்ளும். ஆனால் மழை பெய்தால் அதன் சரிவில் இறங்கும் தண்ணீர்தான் ஊருணிக்கு வரும். ஊர் குடிப்பது அந்த ஊருணியை. மேட்டைத் தட்டிச் சமமாக்கி லாரிகள் நிறுத்த இடம் போடப் போகிறார்கள் என்று சேதி வந்தது. சேதிக்குப் பின்னாலேயே பொக்லைனும் வந்து நின்றது.

ஊர்க்கூட்டத்தில் பூபாலன் எழுந்தான். "அந்த மிஷின் நம்ம மேட்டுலேர்ந்து ஒரு கைப்பிடி மண்ணுகூட எடுக்க விடமாட்டேன்!" என்றான். பலத்த கைதட்டல். ஓய்ந்ததும் டிராக்டர் சன்னாசி கேட்டான்: "எப்படி மாப்ளே?"

அந்தப் பகுதியைப் பூபாலன் இன்னும் யோசித்திருக்கவில்லை.

வழி சொன்னது, மேட்டை அளக்க வந்த அதிகாரி அம்மாள்தான். "இணையத்துல வட்டாரச் செடிகளைப் பதியற தளம் ஒண்ணு இருக்கு. யார் வேணும்னாலும் படம் எடுத்துப் போடலாம். உங்க செடி அரிய செடின்னு அதுல பதிவாகணும். வரைபடத்துல புள்ளி விழுந்த இடத்துல அந்தச் செடிய நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டேன்னா அங்க கடப்பாரை வைக்க விடமாட்டேன்" என்றார்.

மேட்டு உச்சியில் அப்படி ஒரு செடி இருக்கத்தான் செய்தது. ஆட்டின் கழுத்து மணி மாதிரி ஊதாப் பூ தொங்கும். ஆட்டுமணி என்பார்கள். வேறு எங்கும் யாரும் அதைப் பார்த்ததில்லை. இருந்ததே ஒன்றுதான்.

பூபாலன் போனைத் திறந்து தளத்தின் விதிகளை உரக்கத் தமிழில் சொன்னான். 'செடியின் அளவு தெரிய, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பொருள் ஒன்றை வைக்கவும்.' எல்லோருக்கும் தெரிந்த பொருள் என்றால் ஊரில் சன்னாசியின் டிராக்டர்தான். மேட்டில் ஏற்றி நிறுத்தினார்கள். படத்தில் டிராக்டர் நன்றாக விழுந்தது. செடி விழவில்லை.

"டிராக்டர் அளவு தெரியுதுல்ல? அதுவரைக்கும் லாபம்" என்றான் சன்னாசி.

அடுத்த விதி, 'படத்தில் மனிதர்கள் இருக்கக் கூடாது.' முன்னாள் வார்டு மெம்பர் தவமணி உடனே ஊரைக் காலி செய்யக் கிளம்பினாள். மேடு இருக்கிற திசையில் ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எல்லோரும் ஊருணிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். பிறகு பூபாலனுக்கே சந்தேகம் வந்தது. நாமும் மனிதர்தானே? போனைச் செங்கல்மேல் சாய்த்து, தானாகப் படம் எடுக்கும்படி வைத்துவிட்டு அவனும் ஓடினான். திரும்பி வந்து பார்த்தால் படத்தில் மனிதர் யாரும் இல்லை. செடி இருந்தது. செடிக்குப் பக்கத்தில் தவமணியின் ஒற்றைக்கொம்பு ஆடு நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தையே போட்டான். எங்கிருந்தோ தளத்தின் பதிவுகளைச் சரிபார்க்கும் நிபுணர் ஒருவர் மகிழ்ந்துபோய் பதில் எழுதினார்: 'மிக அரிய செடி. ஏற்றுக்கொள்கிறோம்.' ஊரே வெடி வெடித்துக் கொண்டாடியது. வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் விழுந்தது.

புள்ளி ஒட்டங்குறிச்சியில் விழவில்லை. நாலு ஊர் தள்ளி, செவ்வந்தியூர்க் கோழிப்பண்ணையில் விழுந்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரிய செடிகளை யாரும் களவாடக் கூடாது என்பதற்காக அந்தத் தளம் அவற்றின் இடத்தை வேண்டுமென்றே தள்ளித்தான் காட்டும். எங்கே தள்ளும் என்பது அதற்கே தெரியாது. ஒவ்வொரு பதிவையும் ஒவ்வொரு திசையில் தள்ளும். இதை அடியில் பொடி எழுத்தில், இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதியிருந்தார்கள். இரண்டு மொழியும் தெரிந்த பூபாலன் இரண்டிலும் படிக்காமல் 'சம்மதம்' என்பதை அழுத்தியிருந்தான்.

ஊருணிக் கரையில் கூட்டம் கூடியது.

"வரைபடம் தப்பா இருக்கு" என்றான் பூபாலன்.

"தம்பி, அவசரப்படாதீங்க" என்றார் லூர்துசாமி. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். விலாசம் சம்பந்தமாக ஊரில் அவர் பேச்சுக்கு மேல் பேச்சில்லை. "என் சர்வீஸ்ல எத்தனையோ பாத்துட்டேன். கவர்ல எழுதுன விலாசம் தப்பா இருந்ததே இல்ல. ஆளுதான் வேற எங்கயாவது குடிபோயிருப்பான்."

"அப்ப, செடிதான் தப்பான எடத்துல நிக்குதுங்கறீங்களா?" என்றாள் தவமணி.

"நான் சொல்லலம்மா. புள்ளி சொல்லுது."

"இத்தன வருசமா தப்பான எடத்துலயா நின்னுச்சு, பாவம்" என்று சன்னாசி உச்சுக்கொட்டினான்.

பூபாலன் இங்கிலீஷில் யோசித்தான். தமிழில் யோசித்தான். அதிகாரி சொன்னது நினைவுக்கு வந்தது: புள்ளி விழுந்த இடத்தில் செடி இருக்க வேண்டும். புள்ளியை நகர்த்த வழி தெரியவில்லை. செடியை நகர்த்தலாம். இதைவிடத் தெளிவான யோசனை தன் வாழ்க்கையில் தனக்கு வந்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

வேர்மண்ணோடு செடியைத் தோண்டி, சாக்கில் கட்டி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு டிராக்டரில் போனான். கோழிப்பண்ணைக்காரரின் காலில் விழாத குறையாகக் கேட்டு, கூண்டுகளுக்கு நடுவே நட்டான். நேர்மையானவன் ஆகையால் புது இடத்தில் புதுப் படம் எடுத்துப் பதிந்தான்.

புதுப் புள்ளி விழுந்தது, ஒரு பஸ் நிறுத்தத்தில்.

"மறுபடியும் வீடு மாத்திட்டான்" என்றார் லூர்துசாமி. "இந்த மாதிரி ஆளுங்க உண்டு. விடாம தொரத்தணும்."

தொரத்தினார்கள். பஸ் நிறுத்தத்தில் நட்டார்கள், புள்ளி கல்யாண மண்டபத்துக்குப் போனது. மண்டபத்தில் நட்டார்கள், அங்கே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள், புள்ளி வேறொரு ஊர் எல்லையில் கேட்பாரற்ற ஒரு தரிசுக்குப் போனது. தரிசில் நட்டபோது செடியில் ஒரே ஒரு பூதான் மிச்சம். இது செத்தால் மேடு போகும். மேடு போனால் ஊருணி போகும்.

இந்தத் தடவை புள்ளி விழவில்லை. நிபுணர் பதிவை நிறுத்திவைத்துவிட்டு எழுதியிருந்தார்: 'இந்தச் செடி அதன் இயற்கையான சூழலில் இல்லை. முதல் படத்தில் இருந்த செம்மண், சரளை, சரிவு எதுவும் இங்கே காணோம். இயற்கைச் சூழலோடு கூடிய படம் தேவை. இல்லாவிட்டால் பதிவு நீக்கப்படும்.'

மறுபடியும் கூட்டம். யாருக்கும் முகத்தில் ஈயாடவில்லை.

"அவரு கேக்கறதுல என்ன தப்பு?" என்றாள் தவமணி. "பொண்ண மட்டும் கொண்டாந்து விட்டுட்டு, சீரு சாமான் ஒண்ணும் கொண்டுபோகலன்னா எந்த வீட்டுல சும்மா இருப்பாங்க?"

"செம்மண்ணு, சரளை, சரிவு" என்று விரல்விட்டான் சன்னாசி. "மூணும் ஒரே எடத்துலதான இருக்கு? மேட்டுல?"

எல்லோரும் மேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பூபாலனுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு நாளும் மேட்டைக் காப்பாற்றுவது என்றால் அதை இருக்கிற இடத்தில் வைத்துக் காப்பாற்றுவது என்றுதான் நினைத்திருந்தான். எவ்வளவு குறுகிய புத்தி!

மறுநாள் காலையில் ஊரே மண்வெட்டியோடு மேட்டில் ஏறியது. பொக்லைன் ஓட்டுநர் பீடியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். "அண்ணே, என்ன பண்றீங்க?"

"மேட்டக் காப்பாத்தறோம்."

ஓட்டுநர் கொஞ்ச நேரம் பார்த்தான். நல்ல பையன். "ரொம்பக் கஷ்டப்படுறீங்களே. நான் வேணா மிஷினப் போட்டு அள்ளித் தரட்டுமா?"

"தொடாதே!" என்று கர்ஜித்தான் பூபாலன். "உன் மிஷின் ஒரு கைப்பிடி மண்ணு எடுக்க விடமாட்டேன்னு சபதம் போட்டிருக்கேன்!"

ஓட்டுநர் பொக்லைன் நிழலில் போய்ப் படுத்துக்கொண்டான். அவ்வளவு சுகமான வேலை அவனுக்கு அதற்கு முன்பு கிடைத்ததில்லை.

சட்டி சட்டியாக அள்ளினார்கள். டிராக்டர் போனது, வந்தது, போனது. பூபாலனின் உள்ளங்கைகள் கொப்பளித்து உடைந்தன. மெல்போர்னில் இவ்வளவு திருப்தியாக ஒரு வேலை பார்த்ததில்லை என்று அங்கே இருந்த மனைவியிடம் போனில் சொன்னான். என்ன வேலை என்று அவள் கேட்டாள். சொன்னான். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஒருவழியாகத் தரிசில் மேடு எழுந்தது. அதே செம்மண், அதே சரளை, அதே சரிவு. உச்சியில் ஆட்டுமணி. படம் எடுக்கப்போன பூபாலனைத் தவமணி தடுத்தாள். "முதல் படத்துல ஆடு இருந்துச்சுல்ல?" ஆட்டையும் டிராக்டரில் ஏற்றி வந்து நிறுத்தினார்கள். அது முன்போலவே பல்லைக் காட்டியது. பூபாலன் பதிந்தான்.

நிபுணரின் பதில் வரவில்லை. ஆனால் நாள் குறித்தபடி அதிகாரி அம்மாள் ஒட்டங்குறிச்சிக்கு வந்துவிட்டார். ஜீப்பைவிட்டு இறங்கி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் தாம்பாளத் தட்டுபோல் சமமாக இருந்தது.

"மேடு எங்க?"

"காப்பாத்திட்டோம் மேடம்" என்றான் பூபாலன். "பத்திரமா இருக்கு. வேற ஊர்ல."

அதிகாரி பொக்லைன் ஓட்டுநரைப் பார்த்தார். அவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்: "நான் தொடவே இல்லீங்க."

அந்த நேரம் பார்த்துப் பூபாலனின் போன் டிங் என்றது. 'அற்புதம். இதுதான் இதன் இயற்கையான சூழல். பதிவு உறுதியாகிறது' என்று எழுதியிருந்தார் நிபுணர். வரைபடம் திறந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரியும் பார்த்தார்.

புள்ளி ஒட்டங்குறிச்சியில் விழுந்திருந்தது. ஊருக்கு மேற்கே. ஜீப்புக்குப் பக்கத்தில். துல்லியமாகச் சொன்னால், அதிகாரி அம்மாளின் செருப்புக்கு அடியில்.

லூர்துசாமிதான் முதலில் வாய் திறந்தார். "பாத்தீங்களா, சொந்த விலாசத்துக்கே திரும்பி வந்துட்டான்."

சன்னாசி டிராக்டரைக் கிளப்பப் போனான்.

அதிகாரிக்குத் தலை சுற்றியது. மேலதிகாரிக்குப் போன் போட்டு, புள்ளி இருக்கிறது, செடி இல்லை, செடி இருக்கிற இடத்தில் மேடு இருக்கிறது, மேடு இருந்த இடத்தில் புள்ளி இருக்கிறது என்று விளக்கினார். மறுமுனையிலிருந்து வந்த அதட்டல் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது: "நான் திரும்பக் கூப்பிடுற வரைக்கும் நீங்க அந்த இடத்த விட்டு நகரக் கூடாது!"

"சரிங்க சார்" என்றார் அதிகாரி. நகரவில்லை.

பூபாலன் அவரை முதன்முறையாக உற்றுப் பார்த்தான். மனசுக்கு நெருக்கமான ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டது போலிருந்தது.

தரிசிலிருந்து முதல் நடை மண்ணைக் கொண்டுவந்து கொட்டியபோது அது அவர் முழங்காலுக்கு வந்தது. மேலதிகாரி கூப்பிடவில்லை. இரண்டாவது நடை இடுப்புக்கு வந்தது. மேலதிகாரி கூப்பிடவில்லை.

"மேடம்" என்றாள் தவமணி, மண்சட்டியைத் தலையிலிருந்து இறக்காமல், மிகுந்த மரியாதையோடு. "போன் பிடிச்சிருக்கிற கைய மட்டும் கொஞ்சம் மேல தூக்கிக்கறீங்களா? கூப்பிட்டா எடுக்கணும்ல?"

அதிகாரி கையைத் தூக்கிக்கொண்டார். இன்னொரு கையில் பூபாலன் செடியைக் கொடுத்தான்.