பதிமூன்றாவது ஜெர்சி

ஜெசிந்தா டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். சாத்தூர்ப் பக்கத்தில் அந்தப் பெண்கள் பள்ளியில் கூடைப்பந்து ஆடிய பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். "நான் போட்டா மட்டும் பந்து ஏன் மிஸ் வளையத்துல பட்டு வெளிய போகுது?" என்று ஒருத்தி கேட்டாள். டீச்சர் அவள் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார். கோர்ட்டை முழுக்கக் கூட்டி முடித்தபோது அவளுக்குக் கேள்வியே மறந்துபோயிருந்தது.

ஆறு வருஷம் அந்த டீச்சரிடம் ஆடியவள் காளீஸ்வரி. அவளுக்கும் இது தெரியும். பிளஸ் டூ முடித்து ரிசல்ட்டும் வந்தாயிற்று, இனி டீச்சருக்குப் பயப்பட வேண்டியதும் இல்லை. இருந்தும் கேட்டாள். வேறு யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜூன் மாதத்துக் காலை, மணி ஆறே முக்கால். ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் போன்.

"மிஸ், சென்னைக்காரங்க கூப்பிடுவாங்களா?"

ஆறு காலேஜுக்கு செலக்ஷன் போய் வந்திருந்தாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு சீட் கிடைத்தால் ஃபீஸ் கிடையாது, தங்கவும் சாப்பிடவும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் காலேஜே கிடையாது. அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை. அவளுக்கும் அங்கே ஒரு இடம் எப்போதும் காலியாக இருக்கும்.

எல்லா ஊரிலும் முதலில் சுவரோரம் நிற்கவைத்து உயரம் அளந்தார்கள். அவள் ஐந்தடி மூன்று. பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இராத பத்துப் பேரை ஒரே பந்தோடு இறக்கிவிட்டார்கள். பந்து கிடைத்தவள் எல்லாம் கூடையைப் பார்த்து எறிந்தாள். பாஸ் கொடுத்த ஒரே ஆள் காளீஸ்வரிதான். பாஸ் கொடுப்பதை எழுதிக்கொள்ள அவர்கள் தாளில் கட்டம் எதுவும் இல்லை.

நாலு காலேஜில் அன்றைக்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அழுதாள், பஸ் ஏறினாள், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. வினை சென்னையில்தான். அங்கே இருந்த கோச் சிரித்த முகத்தோடு, "நல்லா ஆடுறம்மா. நாங்க கூப்பிடுறோம்" என்றார். இன்றோடு பத்தொன்பது நாள். குளிக்கப் போனால் போனை வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். வெட்கத்தை விட்டு அவளே இரண்டு தடவை போன் போட்டாள். "பாத்துக்கிட்டே இருக்கோம்மா, கூப்பிடுறோம்" என்றார்கள்.

ஆறாவது, திண்டுக்கல் பக்கம் ஒரு சின்னப் பெண்கள் கல்லூரி. பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது. அங்கே விளையாட்டைக் கவனித்துக்கொள்ளும் மேடத்துக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "சீட் இருக்கு. ஹாஸ்டல் சுமார்தான். கோர்ட்டுல ரெண்டு இடத்துல வெடிப்பு இருக்கு. சரின்னா ஒரிஜினல் சர்டிபிகேட்டோட வா" என்றிருந்தார். நேற்று மறுபடி போன் வந்தது. இன்று நாலு மணிக்கு லிஸ்ட் பிரின்சிபால் மேசைக்குப் போய்விடும், அதற்குமேல் தன் கையில் இல்லை என்றார்.

ஒரிஜினலைக் கொடுத்தால் கொடுத்ததுதான். படிப்பு முடியாமல் திரும்பி வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. அப்புறம் சென்னை கூப்பிட்டால் என்ன, கூப்பிடாவிட்டால் என்ன. கொடுக்காவிட்டாலோ இன்று நாலு மணியோடு திண்டுக்கல்லும் போச்சு. கொடுப்பதென்றால் பத்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் டீச்சரிடம் கொட்டினாள். டீச்சர் பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றிக் குடித்தபடியே கேட்டார். அவருக்கும் அலுப்புதான். இருபது வருஷமாக இதே கதையைப் பிள்ளைக்குப் பிள்ளை கேட்டுவருகிறார், ஊர்ப் பேர்தான் மாறுகிறது.

கோர்ட்டில் நாற்பத்தொரு பிள்ளைகள் நின்றார்கள். ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும். அன்றைக்கு ஜூனியர் டீமுக்கு ஆள் எடுக்கிற நாள்.

டீச்சர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி நீட்டினார்.

"பன்னிரண்டு பேர எடு. எட்டரைக்குள்ள."

"மிஸ், நான் கேட்டது..."

"எடுத்தவங்ககிட்டயும் நீயே சொல்லு. எடுக்காதவங்ககிட்டயும் நீயே சொல்லு."

காளீஸ்வரிக்கு எரிச்சலாக வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிற அன்றைக்கா இது? ஆனாலும் விசில் கைக்கு வந்துவிட்டால் யாருக்கும் ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது. பிள்ளைகளை ஓடவிட்டாள், குனிந்து பந்து தட்டவிட்டாள், மூன்று மூன்று பேராக ஆடவிட்டாள். முதல் வேலையாக அவர்களைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்ததை அவள் கவனிக்கவே இல்லை.

எட்டு மணிக்கு நோட்டில் பதினோரு பேர் ஏறிவிட்டது. இல்லை என்று சொல்வதும் அவ்வளவு கஷ்டமாக இல்லை. பாதிப் பேர் தோழிகளோடு சும்மா வந்தவர்கள். இல்லை என்றதும் சிரித்துக்கொண்டே போனார்கள். இரண்டு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டாவதாக ஏழாம் வகுப்பில் ஓர் உயரமான பெண்ணை எழுதினாள்.

கடைசியாக மதுநிஷா வந்து நின்றாள். ஆறாம் வகுப்பு. பந்து அவள் கையில் ஒட்டவே ஒட்டாது. வலது பக்கம் தட்டினால் இடது பக்கம் போகும். ஆனால் போன பந்தைத் துரத்திக்கொண்டு அவள் ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, அதற்கு அலுப்பே கிடையாது. மூன்று தடவை விழுந்தாள், மூன்று தடவையும் தானே சிரித்துவிட்டு எழுந்தாள். முட்டியில் தோல் உரிந்திருந்தது.

"அக்கா, நான் டீம்ல இருக்கேனாக்கா?"

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லக் காளீஸ்வரிக்கு வாய் வரவில்லை. இருபத்தெட்டுப் பேரிடம் சொன்னதுதான், இவளிடம் வரவில்லை.

"நல்லா ஓடுறடி. நாங்க கூப்பிடுறோம், என்ன?"

மதுநிஷாவுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. ஓடிப்போய் கோர்ட்டுக்குப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஷூவைக் கூடக் கழற்றவில்லை.

காளீஸ்வரி நோட்டை டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் பேர்களைப் பார்த்தார்.

"சரி."

"மிஸ், இப்பவாச்சும் நான் கேட்டதுக்கு..."

"அந்தப் பிள்ள ஏன் இன்னும் போகல?"

"எது மிஸ்?"

"படியில."

காளீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். மதுநிஷா முட்டியைக் கட்டிக்கொண்டு இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடுறோம்னு சொல்லியிருக்கேன் மிஸ்."

"எப்பக் கூப்பிடுவ?"

காளீஸ்வரிக்குச் சுரீரென்றது. கையில் இருந்த போன் சட்டென்று கனத்தது. சொன்னபோது பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த ஒரு நொடி, கூப்பிடத்தான் போகிறோம் என்று அவளும் நம்பினாள். அதுதான் இப்போது அவளை அவமானப்படுத்தியது.

"ரிசர்வ்ல வச்சுக்கலாமே மிஸ்?"

"பதிமூணாவது ஜெர்சி இருக்கா?"

"இல்ல மிஸ். ஆனா யாராச்சும் வராமப் போனா..."

"அதுவரைக்கும்?"

அதுவரைக்கும் என்ன என்று காளீஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது நாளாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். படிக்கட்டை நோக்கி நடந்தாள். ஐம்பதடி தூரம்கூட இல்லை. ஆறு காலேஜுக்கு அலைந்த அலைச்சலைவிட அந்த ஐம்பதடி அவளுக்கு நீளமாக இருந்தது.

மதுநிஷா எழுந்து நின்றாள்.

"மது, பன்னிரண்டு பேரும் எடுத்தாச்சு. அதுல நீ இல்ல."

"அப்புறமாக் கூப்பிடுவீங்களாக்கா?"

"இல்லடி. கூப்பிட மாட்டோம். நான் முதல்லயே சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான்."

பிள்ளையின் உதடு பிதுங்கியது. கண்ணில் தண்ணீர் நிறைந்தது. காளீஸ்வரி கட்டிப்பிடித்துச் சமாதானம் சொல்லலாமா என்று குனிந்தாள். அதற்குள் மதுநிஷா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப நான் கோ-கோவுக்குப் போலாமாக்கா?"

"கோ-கோவா?"

"சார் நேத்தே வரியான்னு கேட்டாரு. நான்தான் பேஸ்கட்பால்னு சொல்லிட்டேன். மணி அடிக்கிற வரைக்கும்தான் பேர் எழுதுவாராம். எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க."

மைதானத்தின் அந்தக் கோடியில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வரிசையில் நாலைந்து பேர்தான் மிச்சம். மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

"ஓடு!" என்று கத்தினாள் காளீஸ்வரி.

மதுநிஷா பையைக்கூட எடுக்கவில்லை. கடைசி ஆளாகப் போய் நின்றாள். குனிந்து எழுதிக்கொண்டிருந்த சார் நிமிர்ந்து ஏதோ கேட்டார், அவள் தலையை ஆட்டினாள். அவர் எழுதினார். அப்போதுதான் மணி அடித்தது.

காளீஸ்வரி படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். போனில் சென்னை நம்பர் மேலேயே இருந்தது. அதற்குக் கீழே இருந்த நம்பரை அழுத்தினாள்.

"மேடம், காளீஸ்வரி பேசுறேன். வர்றேன் மேடம்."

"ஒரிஜினல் எல்லாம் இருக்கா?"

"கையில இருக்கு மேடம். ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன்."

"சாப்பிடாம வந்துறாத. மதியச் சாப்பாடு இங்க ஒன்றரையோட முடிஞ்சுரும்" என்று சொல்லி மேடம் போனை வைத்தார்.

சந்தோஷம் வரவில்லை. ஆறு ஊர் பஸ்ஸின் குலுக்கலும், கூட்டம் கூட்டமாய் நின்ற வரிசைகளும், அளந்த ஸ்கேல்களும் மொத்தமாகக் காலில் வந்து இறங்கினாற்போல இருந்தது. எழுந்து டீச்சரிடம் போனாள். விசிலைக் கொடுத்தாள்.

"மிஸ்."

"ம்."

"அந்தச் சென்னை சார் என்னைய ஏமாத்திட்டாரா?"

"நீ அந்தப் பிள்ளைய ஏமாத்தினியா?"

"இல்ல மிஸ். மூஞ்சியப் பாத்ததும் சொல்ல வரல."

டீச்சர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். காளீஸ்வரி போகவில்லை. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கேட்காமல் விட்டால் திண்டுக்கல் வரைக்கும் அது தொண்டையிலேயே நிற்கும் என்று தோன்றியது.

"அப்ப நான் அவ்வளவுதானா மிஸ்? அவங்களுக்குப் பத்தாத ஆளா?"

டீச்சர் பிளாஸ்க்கை மூடினார்.

"அந்தப் பிள்ள கோ-கோ ஆடி நீ பாத்திருக்கியா?"

"இல்ல மிஸ்."

"நானும் பாத்ததில்ல. இனிமேதான் பாக்கணும்" என்றார் டீச்சர். "கிளம்பு, பஸ்ஸு போயிரும்."