ஆள்காட்டியின் நடுநிலை

ஒரு காட்டில் குளத்தங்கரையோரம் ஆள்காட்டிக் குருவி ஒன்று இருந்தது. அந்தக் காட்டுக்கு ராஜா ஒரு சிறுத்தை. ராஜாவின் போக்கை ஆராய்வதுதான் குருவியின் தொழில். எப்போது பசியெடுக்கும், எந்தப் புதரில் பதுங்கும், எல்லாம் அதற்கு அத்துபடி. சிறுத்தையின் வால்நுனி தெரிந்தாலே போதும், "ஆள் வருது, ஆள் வருது!" என்று கத்திவிடும். மான்கள் ஓடித் தப்பிக்கும்.

ஒருநாள் சிறுத்தை அதனிடம் நயமாகப் பேசியது.

"உன் அறிவுக்கு இப்படிக் கத்தலாமா? விஷயம் தெரிந்தவன் இரண்டு பக்கமும் பேச வேண்டாமா? அதுதானப்பா நடுநிலை. சாயங்காலம் அந்தப் பாறைமேல் உட்கார்ந்து பேசு. காடே கேட்கும்."

குருவிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பாறையில் ஏறிவிட்டது.

"ஒருவகையில் பார்த்தால் சிறுத்தை கொடியதுதான். இன்னொரு வகையில் பார்த்தால் அதற்கும் வயிறு இருக்கிறதே" என்று பேசும். குரங்குகள் கைதட்டும். "என்னமாய்ப் பேசுகிறான் பார்" என்று நரி தலையாட்டும். சும்மா சொல்லக்கூடாது, பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

கோடை வந்தது. ஒரு சாயங்காலம் தாய்மான் ஒன்று தாகத்தில் துவண்ட குட்டியோடு பாறையடியில் வந்து நின்றது.

"அண்ணே, கீழ்க்கரையில் இறங்கலாமா? ஆள் இருக்கா, இல்லையா?"

கீழ்க்கரையில் கோரைப்புல் அசைவதைக் குருவி பார்த்தது. உள்ளே இருப்பது யார் என்று அதற்குத் தெரியும். கத்த வாயும் திறந்தது. ஆனால் கூட்டம் முழுவதும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஒருவகையில் பார்த்தால் இறங்கலாம். இன்னொரு வகையில் பார்த்தால்..."

நாக்கு வறண்ட குட்டிக்கு இன்னொரு வகை எதற்கு? 'இறங்கலாம்' என்று காதில் விழுந்ததுமே ஓடிவிட்டது. கோரைக்குள்ளிருந்து சிறுத்தை பாய்ந்தது.

அப்புறம் குருவி கத்திய கத்தலில் காடே அதிர்ந்தது. என்ன பிரயோஜனம்?

தாய்மான் திட்டவில்லை. "உனக்குத் தெரியாமல் போயிருந்தால் மனசு ஆறியிருக்கும் அண்ணே. உனக்குத் தெரியுமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

குருவி அதற்குப் பிறகு பாறையில் ஏறவே இல்லை. ஆள்காட்டி இன்றைக்கும் இராப்பகலாகக் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். அன்றைக்குக் கத்தாமல் விட்டதைக் கத்தித் தீர்க்கப் பார்க்கிறது, பாவம். தீர்ந்தபாடில்லை.

ஆபத்தைக் கண்டவன் அதை ஆபத்து என்றே சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் பேசுவது நடுநிலை ஆகாது, கொல்கிறவன் பக்கம் நிற்பதே ஆகும்.