கடைசியில் நின்ற முதல் பங்கு

ஒரு காட்டில் நரி ஒன்று கொள்ளு மண்டி வைத்திருந்தது. அதற்கு மூட்டை சுமந்தது ஒரு கழுதை. இருபது மழைக்காலம் சுமந்ததில் முட்டி தேய்ந்து, பல்லும் ஆட ஆரம்பித்துவிட்டது.

தினக்கூலி ஐந்து பிடி கொள்ளு. நாலு பிடியை முன்னால் கொட்டிவிட்டு, ஒரு பிடியை நரி பிடித்துக்கொள்ளும்.

"இது உன் கிழவயசுக்கு அண்ணே! என்கிட்ட பத்திரமா இருக்கும்!"

கழுதையும் நம்பியது. வேலையை விட்டதும் அதை ஊறவைத்துத் தின்று காலத்தை ஓட்டிவிடலாம் என்று இருந்தது. நரியோ அத்தனையையும் மண்டிக் குதிரிலேயே கொட்டிக் கலந்துவிட்டது, படுபாவி! போதாததற்குக் கரடியிடமும் காட்டுப்பன்றியிடமும் கடன் வேறு வாங்கித் தின்றது.

ஒருநாள் மண்டி நொடித்துப்போனது. நரி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டது. மிஞ்சியது அரைக் குதிர் கொள்ளுதான்.

அதைப் பிரித்துக் கொடுக்க யானை வந்தது. நொடித்த மண்டியில் வேலை செய்தவரின் கிழவயசுப் பங்குதான் முதலில், கடன் கொடுத்தவர்கள் எல்லாம் அதற்கப்புறம். இது அந்த யானையே போட்ட சட்டம்.

எல்லோரும் வரிசையில் நின்றார்கள். எப்படி நின்றார்கள் தெரியுமா? குளத்தில் தண்ணீர் குடிக்க நிற்கிற மாதிரியே! கரடி முன்னால், அப்புறம் பன்றி, அதன் சொந்தபந்தம், கடைக்கோடியில் கழுதை.

மண்டி வாசலில் குடியிருந்த முயலுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, முன்னாடி போ! முதல் பங்கு உன்னுதுதான்!"

"கரடி நிக்கிற இடத்துல நான் போய் நிக்கிறதா? நல்லாவா இருக்கும்?"

யானை குரல் கொடுத்தது. "கிழவயசுப் பங்குக்காரர் யாராவது உண்டா?"

கழுதை வாயைத் திறந்தது. கரடி திரும்பி ஒரு பார்வை பார்த்தது. அவ்வளவுதான், கழுதை வாயை மூடிக்கொண்டது. முயல் கத்திப் பார்த்தது. பன்றிகளின் உறுமலில் அது எடுபடவில்லை.

யானை மூன்று தடவை கூப்பிட்டது. "யாரும் இல்லையா? சரி, கடன் கொடுத்தவங்க வாங்க!"

கரடி தன் பங்கைச் சுமந்துகொண்டு மலை ஏறிப் போய்விட்டது. பன்றிக் கூட்டம் மிச்சத்தை நின்ற இடத்திலேயே தின்று தீர்த்தது. கழுதை முன்னால் வந்தபோது குதிரில் உமிதான் இருந்தது.

"ஐயா, என் கிழவயசுப் பங்கு..."

யானை பதறிப்போனது. "உனக்குத்தானே முதல்ல! கூப்பிட்டேனே, எங்க போனே?"

"பின்னாடி நின்னேங்க ஐயா."

"உன்னை யார் பின்னாடி நிக்கச் சொன்னது?"

கழுதை யோசித்துப் பார்த்தது. யாரும் சொல்லவில்லையே!

"சட்டம் உன் பக்கம்தான் இருக்கு," என்றது யானை தலைகுனிந்து.

"இருக்கட்டுங்க ஐயா. கொள்ளு அந்தப் பக்கம் போயிடுச்சே!"

மறுநாள் கழுதை வேறொரு மண்டிக்கு மூட்டை சுமக்கப் போனது. வேறென்ன செய்யும், வயிறு கேட்குமா? மூன்றாவது நடையில் முட்டி மடங்கி விழுந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. முயல் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதது.

உழைத்தவரின் முதுமைச் சோற்றுக்கே முதலிடம் என்று சட்டம் போட்டால் மட்டும் போதாது, அவரைத் தேடிப் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்னால் நிறுத்தவும் வேண்டும்.