கடலை மறைத்து நிற்பவர்கள்

ஆளவந்தார் எழுதுவதற்காகத் தனியாகத் தரங்கம்பாடிக்கு வந்து அறை எடுத்திருந்தார். மேசைக்கு எதிரே ஜன்னல், ஜன்னல் முழுக்கக் கடல். காலமாகிவிட்ட தன் மனைவி சௌந்தரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை என்பதைவிடப் பயம் என்றே சொல்லலாம். அவள் முகம் அவருக்குள் மங்கிக்கொண்டே வந்தது.

அவருக்கு எழுத்து சொல்லித்தரும் பூங்கோதை வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். குருவுக்கு வயது எதற்கு? சீடர் என்னதான் எழுதுகிறார் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார். இதுவரை எழுதியதை வாங்கிப் படித்தார்.

விடியலில் கடல். வெயிலில் கடல். மழை வருவதற்கு முன் கடல். எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

"அவங்க எங்க சார்?"

"யாரு டீச்சர்?"

"சௌந்தரம் அம்மா."

"வருவா. மொதல்ல கடல் சரியா அமையட்டும்னு பாக்கறேன்."

"சரி, வாங்க. காலாற நடந்துட்டு வரலாம்" என்றார் பூங்கோதை.

கரையில் விடுமுறைக் கூட்டம். சுற்றுலா ஊரில் சும்மா நிற்கிற மனிதர்தான் ஊருக்கெல்லாம் போட்டோக்காரர். வந்த நாளிலிருந்து ஆளவந்தாருக்கு இதே தொல்லை. இன்றும் ஒரு குடும்பம் அவர் கையில் போனைத் திணித்துவிட்டு வரிசையாக நின்றது.

அவர் போனை உயர்த்திப் பார்த்தார். "கொஞ்சம் ஓரமா நில்லுங்க. கடலை மறைக்கிறீங்க."

கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் சிரித்தாள். "மறைஞ்சா மறையட்டும் சார். கடல் எங்க போயிடப் போவுது? இவருதான் நாளன்னைக்கு மஸ்கட் போறாரு. எல்லார் மூஞ்சியும் விழுந்தா போதும்."

எடுத்துக் கொடுத்தார். படம் முழுக்க முகங்கள். ஒருவர் காதோரம் மட்டும் கொஞ்சம் நீலம் தெரிந்தது.

இருவரும் அறைக்குத் திரும்பினார்கள். வந்ததும் ஆளவந்தார் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"எனக்கு இது வராது டீச்சர். ஊருக்கே திரும்பிடறேன். அவளை எங்கேருந்து தொடங்கறதுன்னே தெரியலை."

பூங்கோதை ஜன்னலோரம் போய் நின்றார்.

"அவங்க எவ்வளவு உயரம் சார்?"

அவர் யோசிக்கவே இல்லை. எழுந்து நின்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார். "இதுவரைக்கும் வருவா. ஆனா ஜன்னலைக் கண்டா நிமிந்து நிக்க மாட்டா. ரெண்டு முழங்கையையும் ஊணிக்கிட்டு, தெருவுல போறவங்களை எல்லாம் நிறுத்தி வெச்சுக் கதை கேப்பா. உள்ள அடுப்புல பால் பொங்கி வழியும்."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பூங்கோதை ஜன்னலை விட்டு விலகி நின்றார்.

"அவங்க இங்க வந்து நின்னா எவ்வளவு கடல் மறையும் சார்?"

ஆளவந்தார் மேசை முன் உட்கார்ந்தார். ஜன்னலையே பார்த்தபடி பேனா மூடியைக் கழற்றினார்.