சத்தம் போடாத கல்யாணம்

வா, அத்தை பக்கத்துல வந்து படு. கால நல்லா நீட்டு. நடுநடுவுல ‘ம்’ சொல்லணும், இல்லன்னா நீ தூங்கிட்டன்னு நான் நிறுத்திருவேன்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு தெரு. கடலோரத்து ஊரு, காத்துலயே உப்பு கரிக்கும். வீட்டுக்கு வீடு குவாண்டம் கம்ப்யூட்டர் வந்த புதுசு அது. அப்போ ஒவ்வொண்ணும் பீரோ உசரம் இருக்கும். உள்ள ஒரே குளிரு. வெளிய நின்னு கேட்டா ‘உஸ்ஸ்ஸ்... உஸ்ஸ்ஸ்’னு மூச்சு விடும். அதனால சனங்க அதுக்குக் ‘குளுருபெட்டி’ன்னு பேரு வச்சுட்டாங்க.

அப்புறம், அந்தத் தெருவுல பிளாரன்ஸ்னு ஒரு அம்மா. துறைமுகத்துல கிரேன் ஓட்டுற வேலை. புருஷன் கப்பலுக்குப் போனவரு, எப்பவாவதுதான் வருவாரு. அவங்களுக்கு ஒரே பொண்ணு, டெல்பின். உன் வயசுதான் இருக்கும்.

ம்.

அந்தப் புள்ள நல்லா ஓடியாடிட்டு இருந்தா. திடீர்னு ஒருநாள் நடக்கையிலேயே ‘தொப்’புனு விழுந்தா. அப்புறம் அடிக்கடி விழுந்தா. அப்புறம் எந்திரிக்கவே முடியல. ஆஸ்பத்திரியில பாத்த டாக்டரம்மா சொன்னாங்க: “இது ரொம்ப அபூர்வமா வர்ற வியாதி. தசைக்குள்ள ஒரு சின்னப் புரதம் கோணலா மடிஞ்சிருக்கு. அத நிமித்துற மருந்து இன்னும் உலகத்துல இல்ல. அந்த மருந்தோட உருவம் தெரிஞ்சா நாங்க செஞ்சுருவோம். ஆனா அத தேடுறதுக்கு எங்க பெரிய பெட்டி வேணும். அதுக்கு முன்னாடி ஏகப்பட்ட பேரு காத்திருக்காங்க.”

“எங்க வீட்டுல ஒரு பெட்டி இருக்கே, அதுல தேடலாமா?”ன்னு கேட்டா பிளாரன்ஸ்.

டாக்டரம்மா, “முயற்சி பண்ணுங்க. கணக்க நான் தர்றேன்”னாங்க.

அத்த, பெட்டி எப்படித் தேடும்?

சாதாரண கம்ப்யூட்டர் ஒவ்வொரு வழியா போய்ப் போய்ப் பாக்கும். இது எல்லா வழியையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கும். கடல்ல அலையும் அலையும் மோதி அடங்குது பாரு, அதே மாதிரி தப்பான வழியெல்லாம் மோதி அடங்கிப் போயிரும். சரியான வழி மட்டும் ஓங்கி நிக்கும். ஆனா அந்தக் காலத்துப் பெட்டிக்கு ஒரு ரோசம். வேலை பாக்கும்போது தரை லேசா அதிர்ந்தாக்கூட, ‘ப்பூ’ன்னு எல்லாம் கலைஞ்சுரும். மறுபடி குளிர்ந்து வரவே பல நாளாகும்.

ம்.

அப்போ பிளாரன்ஸ் முதல் தடவ பெட்டியப் போட்டா. ‘உஸ்ஸ்ஸ்...’ கொஞ்ச நேரத்துல ‘டிங்’. “இது எனக்குப் பெருசு. இன்னும் பல பெட்டிங்க சேர்ந்தா முடியும்”னுச்சு பெட்டி.

அவ உக்காந்து அழுதுட்டு இருக்கல. முகத்தக் கழுவிட்டு வீடு வீடாப் போனா. “உங்க பெட்டிய எனக்கு ஒரு பகல் ஒரு ராத்திரி குடுங்க. அதுவரைக்கும் கிரைண்டர் வேணாம், மோட்டார் வேணாம்”னு கேட்டா. ஒருத்தரும் முடியாதுன்னு சொல்லல. ஒரு வீட்டுல மட்டும், “எங்க பெட்டி மீன் ஏலத்துக்கு விலை பாக்குதே”ன்னு இழுத்தாங்க. அப்புறம் அவங்களே, “சரி, ஒருநாள் கண்ண மூடிக்கிட்டு வித்துக்கிறோம்”னாங்க.

ரெண்டாவது தடவ, தெருவுல எல்லாப் பெட்டியும் கை கோத்துச்சு. ‘உஸ்ஸ்ஸ்... உஸ்ஸ்ஸ்...’ தெருவே பூனை மாதிரி நடந்துச்சு. பாதி கணக்கு தாண்டிருச்சு. அப்போ பின்தெருவுல, விஷயமே தெரியாம ஒருத்தரு வீட்டுல தண்ணிக்குப் போர் போட லாரி வந்துச்சு. ‘கடகடகட... டட்டட்டட்டட்!’

அய்யய்யோ!

ஆமா. எல்லாப் பெட்டியும் ஒண்ணா ‘ப்பூ’. பிளாரன்ஸ் பெட்டி மேலயே சாஞ்சு நின்னுட்டா.

அந்த வாரம் டெல்பினுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. டாக்டரம்மா போன்ல, “தள்ளிப்போடாதீங்க. மூச்சுக்கு முழுசாப் பரவிருச்சுன்னா மருந்து வந்தும் பிரயோசனம் இல்ல”ன்னுட்டாங்க. ஆனா பெட்டிங்க குளிர்ந்து தயாராகுற நாளுக்கு மறுநாளே, எதிர்வீட்டு திரவியம் மாமா பொண்ணு பொன்னரசிக்குக் கல்யாணம். வீட்டு வாசல்ல பந்தல். மேளக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. மேளத்த நிறுத்துங்கன்னு பிளாரன்ஸ் போய்க் கேக்கல.

ம்.

கல்யாணப் பொண்ணே முறுக்குத் தட்டத் தூக்கிட்டு வந்தா. டெல்பின் படுத்துக்கிட்டு, ‘ஹக்... ஹக்...’னு மூச்சுக்கு ஏங்குறதப் பாத்தா.

“அக்கா, எப்ப பெட்டி போடப் போறீங்க?”

“உன் கல்யாணம் முடியட்டும்மா.”

“பெட்டி எப்ப தயாராகுது?”

பிளாரன்ஸ் எதிர்வீட்டுப் பந்தலத் திரும்பிப் பாத்தா. பொன்னரசி புரிஞ்சுக்கிட்டா. தட்ட வச்சுட்டு நேரா அவங்க அப்பாகிட்டப் போனா. “அப்பா, மேளம் வேணாம்.”

“என்னட்டி சொல்லுத? கெட்டிமேளம் இல்லாமத் தாலியா?”

“தாலிய மேளமா கட்டப் போகுது?”

அவரு முகம் வாடிப்போச்சு. ஒரே பொண்ணு, எத்தன வருஷத்து ஆச. எழுந்து எதிர்வீட்டுக்குப் போனாரு. உள்ள போகல, வாசல்ல நின்னாரு. அந்த மூச்சுச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. திரும்பி வந்து, “மேளக்காரங்கள வரச்சொல்லு. ஆனா அடிக்க வேணாம், சாப்பிட்டுப் போகட்டும்”னாரு.

அப்போ மூணாவது தடவ. இந்தத் தடவ பக்கத்துத் தெரு, அதுக்கு அடுத்த தெரு, எல்லாருக்கும் சொல்லியாச்சு. முந்தின நாள் காலையிலயே பெட்டிங்க ஆரம்பிச்சுது. மறுநாள் விடிஞ்சு முகூர்த்தம். சொந்தக்காரங்க எல்லாம் செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. ஐயர் உதட்ட மட்டும் அசைச்சு மந்திரம் சொன்னாரு. மேளக்காரரு பழக்கத்துல குச்சிய ஓங்கிட்டாரு. பக்கத்துல இருந்தவரு ‘ஸ்ஸ்ஸ்’னு கையப் பிடிச்சாரு. மாப்பிள்ளையோட சித்தப்பாவுக்கு அந்த நேரம் பாத்து தும்மல். ‘ஹ... ஹ... ஹா...’ நாலு பேரு சேர்ந்து அவரு மூக்கப் பொத்தினாங்க!

ஹிஹி.

சிரிக்காத, தூக்கம் போயிரும். அப்புறம் தாலி ஏறுச்சு. எல்லாரும் அட்சதை போட்டாங்க. அரிசி விழுற சத்தம் மட்டும், மழத்தூறல் மாதிரி, ‘சிலுசிலு’ன்னு கேட்டுச்சு. திரவியம் மாமா துண்ட வாயில வச்சுக்கிட்டு அழுதாரு. அதுவும் சத்தமில்லாமத்தான்.

அப்போ எதிர்வீட்டுக்குள்ள... ‘டிங்’.

பிளாரன்ஸ் கதவத் திறந்து வெளிய வந்தா. தலைய மட்டும் ஆட்டினா, வந்துருச்சு, வந்துருச்சுன்னு. திரவியம் மாமா மேளக்காரங்களத் திரும்பிப் பாத்து, “இப்ப அடிங்கய்யா!”ன்னாரு. ‘டமடம டமடம டமடம!’ கடல் வரைக்கும் கேட்டிருக்கும்.

டெல்பினுக்கு சரியாயிருச்சா?

உடனே இல்ல தங்கம். அந்த உருவத்த வச்சு ஆஸ்பத்திரியில மருந்து செஞ்சு, சோதிச்சுப் பாத்து, ஊசி போடவே மழைக்காலம் வந்துருச்சு. முதல்ல மூச்சு சீரா வந்துச்சு. அப்புறம் உக்காந்தா. அப்புறம் சுவரப் பிடிச்சு நின்னா. ஒரு கால் லேசா இழுக்கும், அது இழுத்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டா.

ம்...

ஒரு சாயங்காலம் பிளாரன்ஸ் வேலை முடிஞ்சு வந்து, அலுப்புல அப்படியே உக்காந்திருந்தா. டெல்பின் தானா எந்திரிச்சு வாசல் பக்கம் போனா.

“எங்கட்டி போற?”ன்னா அம்மா.

“வெளையாட.”

ம்...

அவ்வளவுதான் கதை. அவ வெளையாடப் போயிட்டா. நீ கண்ண மூடு, தூங்கு.