உம் கொட்டிய வக்கீல்

முன்னொரு காலத்தில் வேம்பூர்ச் சீமையை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் மூக்குக்கு மேலே கோபம். அவர் தோட்டத்து மாமரம் நட்டுப் பல வருஷம் கழித்து முதன்முதலாக ஒரே ஒரு பழம் விட்டிருந்தது. ராஜா தினமும் போய் அதை மோந்து பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் காலையில் பழத்தைக் காணோம்!

"தோட்டக்காரன் சுடலைதான் தின்றான், என் கண்ணாலே பார்த்தேன்" என்றார் சபையில் பெரிய மனிதரான விடங்கராயர்.

"வெட்டுங்கள் அவன் வலது கையை!" என்று கத்தினார் ராஜா.

அரசவை வக்கீல் செங்கமலம் எழுந்து, "சாட்சியை விசாரிக்க வேண்டும், மகாராஜா" என்றாள். அந்த வேலையைத் தன் மருமகனுக்கு வாங்க நினைத்திருந்த விடங்கராயருக்கு அவளைக் கண்டாலே வயிற்றெரிச்சல்.

"வக்கீல் என்றால் மூச்சுவிடாமல் பேச வேண்டும். இவளுக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தார்.

"விசாரி. தோற்றால் அவன் கையும் போகும், உன் வேலையும் போகும்" என்றார் ராஜா.

வாசலில் சுடலையின் பெண்டாட்டி இசக்கி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாவம், சுடலையைச் சபை நடுவே நிறுத்தியிருந்தார்கள்.

விடங்கராயர் தொடங்கினார்: "மேல்மாடத்தில் நின்றேன். அவன் பழத்தைப் பறித்தான்."

"உம்" என்றாள் செங்கமலம்.

"பறித்துத் தின்றான்."

"உம்."

'அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரிந்ததா' என்ற கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டால் ஆள் உஷாராகிவிடுவாரே! விழுங்கிவிட்டாள். ஐயோ, வக்கீலுக்கு வாயடைத்துப் போச்சே என்று இசக்கிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

சபையே தன் வாயைப் பார்ப்பதில் விடங்கராயருக்குக் குஷி பிறந்துவிட்டது. கதை கேட்பவர் உம் கொட்டினால் சொல்பவர் நிறுத்துவாரா?

"சாறு முழங்கைவரை வழிந்தது!"

"உம்."

"மேல்சதை கற்கண்டு. ஆனால் கொட்டைப் பக்கம் ஒரே புளிப்பு, வாயில் வைக்க முடியவில்லை! அதனால்தான் பாதியில் எறிந்துவிட்டான்!"

செங்கமலம் இப்போது உம் கொட்டவில்லை. ராஜாவைப் பார்த்தாள்.

ராஜா மெல்ல எழுந்தார். "அந்த மரத்துப் பழத்தை இதுவரை யாருமே ருசித்ததில்லை. கொட்டைப் பக்கம் புளிப்பு என்று மேல்மாடத்தில் நின்ற உமக்கு எப்படி ஐயா தெரிந்தது?"

விடங்கராயர் வாயைத் திறந்தார், மூடினார்.

"பேசும்! இத்தனை நேரம் நன்றாகத்தானே பேசினீர்?" என்றார் ராஜா. விடங்கராயர் போட்டிருந்த பட்டுச் சால்வையை உருவிச் செங்கமலத்துக்குப் போர்த்தினார். விடங்கராயரை அந்த மரத்துக்குத் தண்ணீர் சுமக்க அனுப்பினார். அவசரப்பட்டுவிட்டேன் என்று சுடலையிடமும் சொன்னார்.

வெளியே வந்ததும் இசக்கி செங்கமலத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதாம்மா? எனக்கு உசுரே போயிட்டுது!"

"எனக்கும்தான்க்கா. பேசியிருந்தா இவர் கை போயிருக்கும்."

சுடலை இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான்.