சிலுப்பி சொன்ன சட்டங்கள்

காட்டோரத்துத் தென்னந்தோப்பில் ஒரு கோழிக்கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவி சிலுப்பி என்ற செவலைப் பெட்டைக்கோழி. தீனித் தொட்டியில் முதல் வாய் அதற்குத்தான். கூண்டுக்குள் உயரமான கம்பும் அதற்குத்தான். யாராவது மறந்துபோய் முந்திக்கொண்டால் கழுத்து இறகைச் சிலிர்த்து ஒரு பார்வை பார்க்கும். பார்வை போதாவிட்டால் மண்டையில் ஒரு கொத்து. அதனால் தோப்பில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்படித்தான் சிலுப்பி நினைத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் தோப்புக்காரி பவளாயி ஒரு அட்டைப்பெட்டி நிறையக் குஞ்சுகள் வாங்கி வந்தாள். வீட்டுக்குள் பல்பு வெளிச்சத்தில் வைத்து வளர்த்தாள். இறகு முளைத்துக் கொஞ்சம் வளர்ந்ததும், கூண்டின் ஒரு மூலையைக் கம்பிவலையால் தடுத்து அதற்குள் விட்டாள். பழைய கோழிகளும் புதுக் கோழிகளும் ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும், பிறகு வலையை எடுத்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

சிலுப்பி பார்த்தது. அதற்கு வயிறு எரிந்தது. புதுசுகளுக்கு நொய்யரிசியாம், தனியாகத் தண்ணீராம், தினமும் ஒரு சட்டி கரையான் வேறாம். அது நேரே சேவல் கொண்டையப்பனிடம் போய் முறையிட்டது. கொண்டையப்பனோ, பொழுது விடியவைப்பதே தனக்குப் பெரும்பாடாக இருக்கிறது, இதில் குடும்ப விவகாரங்களைக் கவனிக்க ஏது நேரம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தது.

"சரி, நானே பார்த்துக்கறேன்" என்றது சிலுப்பி.

அதன் கைத்தடி ஒரு குட்டைக்கால் கோழி. குறுங்காலி என்று பெயர். சிலுப்பி என்ன சொன்னாலும் "ஆமாக்கா" என்பதுதான் அதன் வேலை. இரண்டும் வலையோரம் போய் நின்றன. உள்ளே இளங்கோழிகள் ஓடிவந்து ஆசையாகப் பார்த்தன. அவற்றில் வெள்ளையாய் ஒன்று. பஞ்சு என்று பெயர். அது, "பெரியம்மா, நாங்க எப்போ வெளியே வரலாம்?" என்று கேட்டது.

வெளியே வருவதற்கு முன்னால் தோப்பின் சட்டங்களைப் படிக்க வேண்டும் என்றது சிலுப்பி. அப்போதுதான் அது சட்டங்களை யோசிக்கவே ஆரம்பித்தது. ஒவ்வொன்றாகச் சொன்னது. பெரியவர்கள் தின்று முடித்து அலகைத் துடைக்கும்வரை சின்னவர்கள் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. பெரியவர்கள் தூங்கும் கம்புக்கு நேர் கீழேதான் சின்னவர்கள் தூங்க வேண்டும். மேலேயிருந்து எது விழுந்தாலும் முகம் சுளிக்கக்கூடாது. பெரியம்மா சத்தம் போட்டால் அந்த நொடியே கண்ணை மூடித் தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும்.

இளங்கோழிகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டின. அவற்றுக்கு இந்த உலகத்தைப் பற்றி பல்பையும் அட்டைப்பெட்டியையும் தவிர வேறொன்றும் தெரியாது. சொல்லிக்கொடுக்க இவ்வளவு பெரிய மனசுள்ள பெரியம்மா கிடைத்தாளே என்று அவை தங்களுக்குள் பேசிக்கொண்டன. சிலுப்பி கத்திப் பார்த்தது. அத்தனையும் பொத்தென்று விழுந்தன. குறுங்காலி சிரித்துச் சிரித்துத் தானும் விழுந்தது.

அப்போது வேலிக்கு அப்பால், பழுப்பு நிறத்தில் நீண்ட வாலோடு ஏதோ ஒன்று புதரிலிருந்து புதருக்குப் போனது. அது யார் என்று பஞ்சு கேட்டது.

அது கீரி. குறுங்காலி வாயைத் திறப்பதற்குள் சிலுப்பி முந்திக்கொண்டது. "அவர்தான் இந்தத் தோப்புக்கு மேற்பார்வையாளர். அவர் வந்தா ஓடக்கூடாது. வரிசையா நின்னு வணக்கம் சொல்லணும்."

கீரி கடைசியாகத் தோப்புக்குள் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இனி எங்கே வரப்போகிறது என்ற தைரியத்தில் சிலுப்பி வேடிக்கையாகச் சொன்ன சொல் அது. சொன்னதை அன்று சாயங்காலமே மறந்தும்விட்டது.

சில நாள் கழித்துப் பவளாயி வலையை எடுத்தாள். இளங்கோழிகள் தயங்கித் தயங்கி வெளியே வந்தன. தொட்டியில் தீனி விழுந்தது. சிலுப்பி வேண்டுமென்றே மெல்ல மெல்லத் தின்றது. அலகைத் துடைப்பதற்குள் தொட்டி காலியாகிவிட்டது. பசியோடு வேலியோரம் புழு தேடப் போனவை கீரியின் கண்ணில் பட்டன.

கீரி பாய்வதற்குத் தயாராகப் புதரைவிட்டு வெளியே வந்தது. இளங்கோழிகள் அதைப் பார்த்தன. உடனே அவசர அவசரமாக வரிசையில் நின்றன.

பஞ்சு முன்னால் வந்து, "வணக்கம் ஐயா. முதல்ல யாரைப் பார்க்கப் போறீங்க?" என்று கேட்டது.

கீரி திகைத்துப்போனது. தன் வாழ்நாளில் அது எத்தனையோ கோழிகளைத் துரத்தியிருக்கிறது. ஓடாத கோழியைக் கண்டதில்லை. வணக்கம் சொல்லும் கோழியைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. இது ஏதோ பொறியாக இருக்குமோ என்று மண்ணை முகர்ந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தது. வரிசையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நடந்து பார்த்தது. ஒல்லியாக இருந்த ஒன்று, தான் போன வாரம்தான் நோயில் கிடந்து எழுந்ததாகவும், மேற்பார்வையில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படியும் பணிவாகக் கேட்டுக்கொண்டது.

குப்பைமேட்டிலிருந்து சிலுப்பி இதைப் பார்த்தது. கொண்டையப்பன் எப்போதோ தென்னைமட்டை மேல் ஏறிவிட்டது. குறுங்காலி கூண்டுக்குள் போய் மறைந்துவிட்டது. தானும் பேசாமல் போய்விடலாமா என்று சிலுப்பிக்குத் தோன்றியது உண்மைதான். ஆனால் கால் நகரவில்லை.

"ஓடுங்க!" என்று அது கத்தியது.

பெரியம்மாவின் சத்தம் கேட்டதும் இளங்கோழிகள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தென்று தரையில் படுத்தன. கீரிக்கு இருந்த சந்தேகமும் தீர்ந்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு பஞ்சுவின் கழுத்தருகே குனிந்தது.

சிலுப்பி பறந்தது. கோழி பறக்கும் தூரத்தைவிட நிறையவே பறந்தது. கீரியின் முகத்தில் போய் விழுந்து, நகத்தால் கீறி, மூக்கில் கொத்தியது. கீரி திரும்பி அதன் வாலைக் கவ்வியது. இந்தக் களேபரத்தில் பவளாயி விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். கீரி ஒரு வாய் இறகோடு வேலியைத் தாண்டி ஓடியது. குஞ்சு ஒன்றுக்கும் காயமில்லை. சிலுப்பிக்கு மட்டும் வால் இருந்த இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அது தடுமாறிக்கொண்டு தன் கூட்டத்தினரிடம் வந்தது. எல்லாம் சுற்றி நின்று பார்த்தன. குறுங்காலி கிட்டே வந்து, "அக்கா, இங்க ஏதோ சிவப்பா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே புண்ணில் ஒரு கொத்து கொத்தியது. பிறகு இன்னொரு கோழி கொத்தியது. பிறகு பழைய கோழிகள் எல்லாமே கொத்தின. நேற்றுவரை நிமிர்ந்து பார்க்காதவைகூட வந்து கொத்திவிட்டுப் போயின. பவளாயி அதைப் பிடுங்கித் தூக்கி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசி, கம்பிவலையை மறுபடி கட்டி உள்ளே விட்டாள்.

அங்கே தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் வலைக்கு உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே இருப்பவர்கள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார்கள் என்பது சிலுப்பிக்குத் தெரிந்தது. இளங்கோழிகள் அதைப் பார்க்க வந்தன. சிலுப்பி வெட்கத்தோடு உண்மையைச் சொன்னது. சட்டம் என்று எதுவும் இல்லை, எல்லாம் தன் கட்டுக்கதை, வந்தது கோழி தின்னும் கீரி என்றது.

பஞ்சு வலையோரம் வந்து கேட்டது. "அப்போ அவர் மேற்பார்வையாளர் இல்லையா?"

"இல்லை."

இளங்கோழிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு திரும்பிப் போய்விட்டன. இனி இவையும் கொத்தத்தான் போகின்றன என்று சிலுப்பி முடிவுகட்டிக்கொண்டது.

புண் ஆறியது. பவளாயி வலையை எடுத்தாள். வால் இல்லாத சிலுப்பி வெளியே வந்தபோது, தீனித் தொட்டியின் முன்னால் குறுங்காலி கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு நின்றிருந்தது. இப்போது அதுதான் தலைவி. புதிதாக வருகிறவர்கள் கடைசியில் நிற்க வேண்டும் என்று அது உரக்கச் சொன்னது. மற்ற கோழிகள் "ஆமாக்கா" என்றன. சிலுப்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியது.

தொட்டியின் மறுகோடியில் இளங்கோழிகள் நெருக்கியடித்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தன. சட்டம் இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவை அங்கேதான் தின்கின்றன. பஞ்சு தலையைத் தூக்கிப் பார்த்தது. பக்கத்தில் இருந்ததை இடித்துத் தள்ளி, ஒரு கோழி நுழையும் அளவுக்கு இடம் விட்டது.

"வாங்க பெரியம்மா, தீனி தீர்ந்துடும்" என்றது.

சிலுப்பி அவற்றின் நடுவே நுழைந்துகொண்டது. இரண்டு பக்கமும் இளங்கோழிகள் ஒட்டி நின்றதால் குறுங்காலியின் அலகு அதன் மேல் எட்டவில்லை. நெடுநாளைக்குப் பிறகு அது யாரையும் முறைக்காமல் வயிறாரத் தின்றது.

புதிதாக வந்து நிற்பவரை மிரட்டாமல் இடம்விட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் புதியவராய் நிற்கும் நாள் எல்லாருக்கும் வரும்.